சன்னலும் முகமும் ஒரே காட்சியில்

சிங்கப்பூரின் தோ பாயோவிலுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாட்டியின் நேர்காணலைப் படமெடுத்தபோது, முகத்துக்கு ஒளியைச் சரிசெய்தால் பின்னாலிருந்த சன்னல் வெளுத்தது. சன்னலுக்குச் சரிசெய்தால் முகம் கறுத்தது. ஷட்டர் வேகத்தைக் கூட்டியதும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும் குழல்விளக்கால் சுவரில் கிடைக்கோடுகள் ஓடின. லென்ஸில் பொருத்திய, நிறத்தை மாற்றாமல் ஒளியைக் குறைக்கும் என்டி வடிகட்டியோ இரண்டையும் ஒரே அளவில் இருட்டாக்கியதால், வேறுபாடு அப்படியே நின்றது.

பல நாள் வீணான பிறகு கைகொடுத்தது, சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டிய 0.6 என்டி தாள். அது வெளியொளியில் கால் பங்கை மட்டுமே உள்ளே விடும். சுருக்கம் விழுந்தால் மட்டும் கேமரா தயங்காமல் காட்டிக்கொடுத்துவிடும். குழல்விளக்கை அணைத்து, பகலொளியின் நிறத்தை ஒத்த 5600 கெல்வின் எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்தினேன். அப்போதுதான் பலர் கண்ணில் படாத ஒன்று தெரிந்தது: வெளியொளி குறைந்ததால் சன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலாகி, பாட்டியின் தோளுக்குப் பின்னே விளக்கின் வெள்ளைச் சதுரத்தைக் காட்டியது. விளக்கை உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தபின் அது படச் சட்டகத்திலிருந்து விலகியது. பிற்பகலில் மழைமேகம் கவிந்தபோது கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தொடாமல், முகமும் சன்னலும் ஈடாக இருக்க விளக்கின் ஒளியை மட்டும் குறைத்துக்கொண்டேன்.