டம்பெல் நெபுலாவைப் படம் பிடிக்கலாம் வாங்க

டம்பெல் ஒரு பிளானெட்டரி நெபுலா. பெயர்தான் அப்படி, கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1780களில் வில்லியம் ஹெர்ஷல் கண்ணுக்குக் கோளைப் போலச் சிறு வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. உண்மையில், வயதான விண்மீன் உதறிவிட்ட வாயு.

முதலில் எதைப் படம் எடுப்பது? எல்லாரும் எம் 57 (மெஸ்ஸியே பட்டியலில் 57ஆவது) வளைய நெபுலாவுக்குத்தான் ஓடுவார்கள். நானும் ஓடினேன், கிடைத்தது மூக்குத்தி அளவில் ஒரு புள்ளி! முன்பே கணக்குப் போட்டிருக்கலாம்: பிக்சல் அளவை (மைக்ரானில்) 206ஆல் பெருக்கி, டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்று வரும். 4 மைக்ரான், 800 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1. எம் 57 நீளவாட்டில் 90 ஆர்க்செகண்டுக்கும் குறைவு, அதாவது படத்தில் 90 பிக்சல்கூட வராது. எம் 27, அதாவது டம்பெல், சுமார் 480. அதிலேயே தொடங்குங்கள். சஜிட்டா என்ற அம்பு வடிவ விண்மீன் கூட்டத்தின் முனை விண்மீனிலிருந்து வடக்கே சுமார் 3 பாகை தள்ளி இருக்கிறது.

ஈக்வடோரியல் மவுண்டின் (வானச் சுழற்சிக்கு ஏற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) அச்சை வான் துருவத்துக்கு நேராக வையுங்கள். இதில் சோம்பல்பட்டால் விண்மீன்கள் கோடு கோடாக இழுபடும். அப்புறம் பிரகாசமான ஒரு விண்மீனில் பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் பார்க்க டெலஸ்கோப் வாயில் மாட்டும் கீற்றுத் தட்டு) போட்டு ஃபோகஸ். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், அதனால் மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எல்ஆரில் ரா ஃபார்மட், ஐஎஸ்ஓ 800, 60 விநாடி வீதம் ஒரு 60 படம். மவுண்ட் தாங்காவிட்டால் 30 விநாடியாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இந்த நெபுலா பிரகாசமானது, கோபித்துக்கொள்ளாது. முடிந்ததும் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே விநாடி அளவில் 20 டார்க் (இருட்டுப் படம்). கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸைத் தொடாமல், டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணி கட்டி 20 ஃபிளாட் (சீரான வெளிச்சப் படம்). தூசித் தடங்களைப் போக்குவது இந்த ஃபிளாட்தான்.

சரி, மீதி வேலை கணினியில். சிரில் இலவச மென்பொருள், எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தந்துவிடும். அடுக்கியதும் படம் கறுப்பாகத்தான் இருக்கும், பதறாமல் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச வரைபடம்) மெல்ல மெல்ல இழுங்கள். சாதாரண கேமராவின் உள் ஃபில்டர் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஆனால் ஆக்சிஜனின் 501 தடையில்லாமல் வரும். அதனால் நடுப்பகுதி பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் அது பிழை என்று நினைத்து 'பச்சையை நீக்கு' பொத்தானை அழுத்திவிடாதீர்கள், நெபுலாவின் நிறமே அதுதான்.