20 கிலோ திராட்சையில் இனிப்பில்லா ஷார்டொனே ஒயின்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் திராட்சைக்குத் தனக்கென்று தூக்கலான வாசனை கிடையாது. பழம் பறித்த நாள், சாறு பட்ட காற்று, பாத்திரத்தின் சுத்தம் எல்லாமே ஒயினில் அப்படியே தெரியும். புளிப்பும் தெளிவுமான ஒயின் வேண்டுமென்றால் வேலை தோட்டத்திலேயே தொடங்குகிறது. கீழே உள்ள அளவுகள் 20 கிலோ பழத்துக்கு; சுமார் 12 லிட்டர் சாறு கிடைக்கும்.

கொடியில்

இந்த ரகம் சீக்கிரமே துளிர்விடும். குளிர்ப் பகுதிகளில் வசந்தகால உறைபனியில் துளிர் கருகிவிடும். பிரான்சின் ஷாப்லி வட்டாரத்தில் அத்தகைய இரவுகளில் கொடிகள்மேல் தண்ணீர் தெளிப்பதுண்டு. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் மொட்டைக் காப்பாற்றும். தெளிப்பு நடுவில் நின்றால் சேதம் இன்னும் கூடும்.

பழம் பழுக்கும்போது வாரம் இரண்டு முறை, வரிசையின் இரு பக்கமும், குலையின் மேலும் கீழுமாக 100 பழம் எடுத்து, நசுக்கிச் சாற்றை அளக்கவும். கை தானாக நன்கு பழுத்ததையே தேடும். அப்படிப் பறித்தால் சர்க்கரை அளவு கூடுதலாகக் காட்டும். 21.5–22.5 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு), பிஎச் 3.2–3.4, மொத்த அமிலம் லிட்டருக்கு 7 கிராமை ஒட்டி வந்தால் பறிக்கலாம். வெக்கையில், பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் மளமளவென்று குறையும். இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறட்டும் என்று காத்திருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். பறிப்பது விடியற்காலையில்.

பிழிதல்

அழுகலை நீக்கி, விதை உடையாமல் நசுக்கி, உடனே பிழியவும். தோலோடு ஊறினால் கசப்பு இறங்கும். கடைசிச் சாறு வாயில் துவர்த்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (சாறு கெடாமல் காக்கும் சல்பைட் உப்பு) 0.8 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சாற்றில் கலந்து, மூடி, 10 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைக்கவும். மேலே தெளிந்ததைக் குழாய் வழியாக 15 லிட்டர் குடுவைக்கு மாற்றுங்கள். லேசான கலங்கல் இருக்கட்டும், ஈஸ்ட்டுக்கு அது நல்லது. சாறு பழுப்பாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்; நொதிக்கும்போது நிறம் வெளுக்கும்.

நொதித்தல்

ஒயின் ஈஸ்ட் 3 கிராமை 38 டிகிரி சூடுள்ள 30 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடவும். அதில் சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஈஸ்ட் கலவைக்கும் குடுவைச் சாற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகே குடுவையில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் பெரும்பகுதி ஈஸ்ட் செத்துவிடும். ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டி, 14–18 டிகிரியில் வையுங்கள்.

சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.092 அளவில் தொடங்கி இறங்கும். 1.065 வந்ததும், ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் தரும் டைஅமோனியம் பாஸ்பேட் 3 கிராம் சேர்க்கவும். அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறையே காரணம். நொதித்தல் பாதி தாண்டிய பின் சேர்த்தால் பலன் குறைவு. இரண்டு மூன்று வாரத்தில் 0.995க்குக் கீழே வந்து மூன்று நாள் அசையாமல் நின்றால் சர்க்கரை தீர்ந்தது என்று அர்த்தம். நாக்கை நம்பாதீர்கள். ஆல்கஹாலும் பழ வாசனையும் சேர்ந்து, இல்லாத இனிப்பை இருப்பதுபோலக் காட்டும். 1.000க்கு மேலேயே நின்றுவிட்டால் குடுவையை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடி ஈஸ்ட்டை மெல்லக் கலக்கிவிடுங்கள்.

வெண்ணெய் மணமா, புளிப்பா?

வெண்ணெய் மணம் வேண்டுமென்றால் இப்போது சல்பைட் போடாமல் ஈனோகாக்கஸ் ஈனி பாக்டீரியா சேர்த்து 20 டிகிரியில் வைக்க வேண்டும்; அது மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். முதல்முறைக்கு இதைத் தவிர்ப்பதே நல்லது. வண்டலிலிருந்து ஒயினைப் பிரித்து, 11 லிட்டருக்கு 1 கிராம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, 10 லிட்டர் குடுவையில் கழுத்துவரை நிரப்பி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மிச்சத்தைச் சிறு குப்பிகளில் விளிம்புவரை ஊற்றி, குறையும்போது நிரப்பப் பயன்படுத்தலாம். காலி இடம் விட்டால் காற்று பட்டு, வெட்டிவைத்த ஆப்பிள்போல ஒயின் பழுப்பேறும்.

தெளியவைத்து அடைத்தல்

கொஞ்சம் ஒயினை 80 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கி ஆறவிடுங்கள். கலங்கினால் புரதம் மிச்சமிருக்கிறது. லிட்டருக்கு அரை முதல் 1 கிராம் பென்டோனைட்டை (புரதத்தை இழுத்துக்கொண்டு படியும் ஒருவகைக் களிமண்) ஊறவைத்துக் கலக்கவும். பிறகு மைனஸ் 2 டிகிரியை ஒட்டிய குளிரில் இரண்டு வாரம் வைத்தால் டார்டரேட் உப்பு படிகமாக அடியில் இறங்கும். இதைச் செய்யாவிட்டால் அதே படிகங்கள் பின்னால் குப்பியில் கண்ணாடித் தூள்போலத் தெரியும், அவற்றால் தீங்கில்லை. அடைக்கும் நாளில் தனி நிலை சல்பர் டைஆக்சைடு (மெட்டாபைசல்பைட்டிலிருந்து வந்து, வேறெதோடும் பிணையாமல் மிஞ்சியது) பிஎச் 3.3க்கு லிட்டருக்கு 26 மில்லிகிராம், 3.4க்கு 32 இருக்க வேண்டும். அளந்த பிறகே, குறைவதை மெட்டாபைசல்பைட்டாகச் சேருங்கள்.