தோண்டிய குழி தொட்டியாகும், எடுத்த மண் சுவராகும்: அழுத்திய மண்கல் செய்முறை

செங்கல் சூளை கேட்பது வயலிலும் ஏரியோரத்திலும் உள்ள நல்ல மண்ணை. அதைச் சுட விறகும் வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கணக்கில் செம்மண்ணை வெட்டிக் குடைந்த பிறகு, அனுமதியில்லாத சூளைகள் 2021இல் மூடப்பட்டன. வெட்டுப்பட்ட பள்ளங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

அழுத்திய மண்கல்லுக்குச் சூளை கிடையாது. மண்ணில் 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி, 28 நாள் ஈரம் காத்தால் கல் தயார். ஆரோவில்லில் பல மாடி வீடுகள்கூட இந்தக் கல்லில்தான் நிற்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: மண் உங்கள் மனையிலிருந்தே வர வேண்டும். எங்கோ ஒரு செம்மண் மேட்டை வெட்டி லாரியில் கொண்டுவந்தால் அது இன்னொரு தடாகம்தான். அதற்குக் கனிமவளத் துறையின் அனுமதியும் வேண்டும்.

எவ்வளவு மண், எவ்வளவு சிமென்ட்

இங்கே சொல்வது 24 × 24 × 9 செ.மீ. கல்லுக்கான கணக்கு. சுவரின் கனம் 24 செ.மீ. 1 செ.மீ. சாந்து இடைவெளியோடு ஒரு சதுர மீட்டருக்கு 40 கல், அதாவது 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 370 கல். ஒரு மூட்டை சிமென்டில் 100 கல் வரும். சலித்த மண் 100 சதுர அடிக்கு ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) சற்று மேல் தேவைப்படும்.

600 சதுர அடி வீட்டுக்குக் கதவு, ஜன்னல் போகச் சுவர் 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,700 கல், 37 மூட்டை சிமென்ட். உடைவதற்கும் கழிப்பதற்கும் 5 விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மண் எடுத்தால் சுமார் 1,000 கன அடிக் குழி விழும். அதைக் கட்டி மூடினால் 28,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். எப்படியும் தோண்டப்போகிற குழி அது. ஆகவே மண் வெட்டும் இடத்தைத் தொட்டி வரப்போகும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அஸ்திவாரத்திலிருந்து குழி நன்றாகத் தள்ளியே இருக்க வேண்டும்.

மண்ணைப் பார்ப்பது

பெரும்பாலான தோல்விகள் இயந்திரத்தில் வருவதில்லை, மண்ணில் வருகின்றன. மேலே ஓரடி மண்ணில் வேரும் மக்கும் இருக்கும். அதைத் தனியாக ஒதுக்கித் தோட்டத்துக்கு வையுங்கள். கல்லில் போனால் சிமென்டை இறுகவிடாது. ஈரமண்ணை முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் இன்னும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அடி தட்டையான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குலுக்கி, ஆடாமல் விடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது சரளையும் மணலும். அதன்மேல் வண்டல். களி, அதாவது களிமண், தங்க ஒரு நாள் ஆகும். களி தண்ணீரில் ஊறி உப்பித் தெரியும், சற்றுக் குறைத்தே கணக்கிடுங்கள். நல்ல கலவை என்பது சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு. அச்சொட்டாக இருக்க வேண்டியதில்லை, அதன் பக்கத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது சுருக்கச் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை இடைவெளி விடாமல் நிரப்புங்கள். ஐந்தாறு நாள் நிழலில் காய்ந்த பிறகு மண்ணை ஒரு முனைக்குத் தள்ளி, மறுமுனையில் விழுந்த இடைவெளியை அளக்க வேண்டும். 2.5 செ.மீ.க்கு மேல் போனால் களி அதிகம். எம்-சாண்ட் அல்லது கிரஷர் தூள் சேர்த்து மறுபடி சோதியுங்கள். அதுவும் ஒரு மலையை உடைத்து வந்ததுதான், தேவைக்கு மேல் கொட்ட வேண்டாம். களி அதிகமான மண்ணுக்குச் சிமென்டுக்குப் பதிலாக 6 விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பு கலந்தால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மெதுவாகத்தான் இறுகும். 28 நாள் போதாது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் மண் அது. உவர் மண்ணும் ஆகாது. சுவரில் வெள்ளை பூத்து, மேற்பரப்பு உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கலப்பதும் அழுத்துவதும்

மண்ணை 10 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 25 கல்லுக்கு மேல் கலக்க வேண்டாம்: உலர்ந்த மண் 230 கிலோ, சிமென்ட் 12 கிலோ. தண்ணீர் பட்ட அரை மணிக்குள் கலவையைத் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கலந்து வைத்துவிட்டு, பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறி அழுத்திய கல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். முதல் மழையில் கரையும்.

உலர்வாக இரண்டு முறை மண்வெட்டியால் புரட்டி, நிறம் ஒரே சீராக வந்த பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்து இன்னும் இரண்டு முறை புரட்டுங்கள். மண்ணில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து மொத்தம் 24 லிட்டர் அளவில் வரும். சரியா என்று பார்க்கக் கைப்பிடி மண்ணை உருண்டை பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். தட்டையாக அப்பிக்கொண்டால் ஈரம் கூடுதல், தூளாகச் சிதறினால் குறைவு. வெயில் ஏற ஏற ஈரம் மாறும், ஒவ்வொரு கலவைக்கும் பாருங்கள்.

அச்சுப்பெட்டியின் நான்கு மூலைகளையும் கையால் அமுக்கி நிரப்ப வேண்டும். மூலை உதிர்ந்த கல்லுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு அலட்சியம்தான். ஒவ்வொரு கல்லுக்கும் மண்ணை எடை போட்டுக் கொட்டுங்கள், சுமார் பத்தரை கிலோ. எடை மாறினால் உயரம் மாறும் அல்லது அடர்த்தி குறையும். கல் வெளியே வந்ததும் நான்கு மூலையிலும் உயரத்தை அளவுகோலால் பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு தெரிந்தால் உடைத்து அதே கலவையில் உடனே போட்டுவிடலாம். எடுக்கும்போதே கல் கையில் பொலபொலத்தால் களி போதவில்லை. பக்கவாட்டில் அடுக்கு அடுக்காகப் பிளந்தால் களி அதிகம்.

ஈரம் காப்பது

அழுத்திய கல்லை அங்கேயே ஐந்து வரிசை உயரத்துக்கு நெருக்கி அடுக்கி, உடனே பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடுங்கள். இரண்டு நாள் திறக்கக் கூடாது. பிறகு வைக்கோலோ தென்னங்கீற்றோ போட்டு மூடி, நான்கு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உதவாது. இடையில் ஒரு வாரம் காய விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அந்த வலு முழுமையாகத் திரும்பாது.

கட்டுமுன் ஆறு கல்லைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரமாகவே நசுக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஈரத்தில் வலு ஏறக்குறைய பாதியாகும், மழைக்காலத்தில் சுவர் நிற்பது அந்தப் பாதியில்தான். ஒரு சதுர மி.மீ.க்கு 3 நியூட்டனுக்குக் குறைந்தால் அந்தக் கல்லைச் சுமை தாங்கும் சுவருக்கு வைக்காதீர்கள்.

சுவர் எழுப்பும்போது

தரைக்கு மேல் ஒன்றரை அடி வரை கருங்கல் கட்டு, அதன்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு, பிறகுதான் மண்கல். கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து வையுங்கள். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாந்துக்கு சிமென்ட் 1, நைசாகச் சலித்த அதே மண் 4, மணல் 8. கொத்தனார் பழக்கத்தில் 1:4 சிமென்ட் சாந்து கேட்பார், ஒப்புக்கொள்ள வேண்டாம். கல்லைவிடச் சாந்து மிகக் கெட்டியானால், கட்டடம் அசையும்போது வெடிப்பு இணைப்பில் விழாமல் கல்லைப் பிளந்துகொண்டு போகும். பேஸ்மட்டத்திலும், கதவு ஜன்னலின் தலைக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் சுற்றிவர ஓட வேண்டும்.

கூரை இரண்டடி வெளியே நீண்டிருந்தால் வெளிப்பூச்சே தேவையில்லை. மின்குழாய்க்குச் சுத்தியலும் உளியும் கொண்டு சுவரைக் கொத்த விடாதீர்கள். பக்கத்துக் கற்களும் அதிர்ந்து கழன்றுவிடும். கட்டும்போதே குழாய் பதியுங்கள், தவறிப்போனால் கட்டர் கொண்டு கீறி எடுங்கள்.