லாரி ஓட்டுநர்கள் உரிமத்தைக் காத்துக்கொள்ள

லாரி ஓட்டுநருக்கு அபராதத் தொகையைவிட உரிமம் முடக்கப்படுவதே பெரிய இழப்பு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு விதிக்கிறது. அதை முதலாளி கட்டிவிடுவார் என்று நம்பி வண்டியை எடுப்பவர், அதிக பாரம், அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைபேசிப் பேச்சு, குடிபோதை ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் உரிமத்தை முடக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் அறிவுறுத்தியிருப்பதை மறந்துவிடுகிறார். அந்த 3 மாதமும் லாரி நடை இல்லை, நடைக்குக் கிடைக்கும் படிக்காசும் இல்லை. எனவே எடைமேடைச் சீட்டைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

விபத்து நேர்ந்தால் வண்டியை விட்டு ஓடிவிடுவதே பாதுகாப்பு என்று பழைய ஓட்டுநர்கள் சிலர் சொல்வதுண்டு. அது தவறான யோசனை. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லும் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமல் போகக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட நிலையில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று, தாமதமின்றி, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்துவிடுங்கள். தப்பியோடியவர் என்ற பெயர் வழக்கிலும் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வேலை கேட்கும் இடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

போக்குவரத்து அபராதங்களுக்கான அரசு இணையதளமான பரிவாகன் இ-சலான் தளத்தில் ஓட்டுநர் உரிம எண்ணைக் கொடுத்தே அபராத நிலுவையைப் பார்க்கலாம். வேலை கேட்கப் போகும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.