கறையானின் தடத்தை அழித்துவிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் பூச்சி பார்க்கச் செல்லும் எங்களோடு இந்த ஆண்டு சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். தட்டானையும் பொன்வண்டையும் கண்டு நெகிழ்ந்துபோகும் அவர்கள், வீட்டுக்குள் பூச்சி வந்துவிட்டால் மட்டும் நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். சர்க்கரை டப்பாவை மூடுவது, எச்சில் பாத்திரத்தை இரவே கழுவுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கறையானின் மண்தடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவது

கதவு நிலையோரம் கோடுபோல் ஏறிய கறையானின் மண்தடத்தைத் துடைப்பத்தால் தட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டதாகச் சென்ற மாதம் ஒருவர் நிம்மதியோடு சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. 15 ஆண்டுகளுக்கு முன் வாடகை வீட்டில் நானும் இதையேதான் செய்தேன். ஆறு மாதம் கழித்து அப்பாவின் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவியபோது அட்டை மட்டும் கையோடு வந்தது. தாள்கள் ஈரமண்ணோடு பலகையில் ஒட்டிக்கிடந்தன. கீழ்த்தட்டு முழுவதும் செல்லரித்திருந்தது. அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்புகளும் அதோடு போயின.

சுவரில் நாம் காண்பது கறையானின் வீடு அன்று, பாதை. வெளிறிய, மெல்லுடல் கொண்ட வேலைக்காரக் கறையான் திறந்த வெளியில் உலர்ந்து செத்துவிடும் என்பதால், மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துப் பென்சில் தடிமனில் ஒரு மூடிய வழியைக் கட்டிக்கொண்டு வருகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் அரசி பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறாள். மண்ணெண்ணெய் பட்டவை சாகும். மற்றவை வேறு விரிசல் வழியாக ஏறும். அவை எங்கே நுழைந்தன என்று காட்டிய ஒரே தடயத்தை நாமே துடைத்திருப்போம்.

ஆகவே கோட்டில் ஒரு விரல் அகலம் மட்டும் உடைத்துவிட்டுக் காத்திருங்கள். சில நாட்களில் அந்த இடைவெளி ஈரமண்ணால் அடைபட்டால் உள்ளே நடமாட்டம் உண்டு. மருந்தடிப்பவர் வரும்வரை கோடு அப்படியே இருக்கட்டும். சுவரும் தரையும் சேருமிடத்தில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, அடிமண்ணில் மருந்து இறக்குவதே முறை. மேலே தெளித்துவிட்டுப் போகிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். குழாய்க் கசிவையும் சேர்த்து அடையுங்கள், ஏனெனில் அவற்றை இழுப்பது ஈரம்.

இந்த ஆத்திரத்தில் கண்மாய்க் கரையிலுள்ள புற்றை இடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை இடிப்பதால் உங்கள் சுவருக்கடியில் ஒரு கறையான்கூடக் குறையாது. அந்தப் புற்றுக்குள் கறையான்கள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. நாம் விரும்பி உண்ணும் புற்றுக் காளான் அதிலிருந்துதான் முளைக்கிறது.

அடுக்களையில் தென்படும் கருங்குளவியை அடிப்பது

ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கரிய குளவி ஒன்று, சிறு கொடிபோல் தூக்கிய வயிற்றை மேலும் கீழும் அசைத்தபடி ஜன்னலோரம் நடக்கும். அது நம்மைத் தீண்ட வருவதில்லை. பயறு போன்ற கரப்பான் முட்டைக்கூட்டைத் தேடி அதனுள் தன் முட்டையை வைக்கிறது. பொரிக்கும் புழு உள்ளிருக்கும் கரப்பான் முட்டைகளைத் தின்று வளர்கிறது. இது வந்திருந்தால் அருகில் கரப்பான் இருக்கிறது என்று பொருள். குளவியை விட்டுவிட்டுச் சமையல் மேடையின் அடியைப் பாருங்கள்.

பூந்தொட்டித் தட்டின் நீரை மட்டும் கொட்டுவது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல மாதங்கள் தாங்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

வண்டுப்புழு பார்க்கக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவது

வேண்டாம். காட்டிலேயே பாருங்கள்.

ஈசல் பறக்கும் மாலையில் வாசல் விளக்கை எரியவிடுவது

ஐப்பசி மழை விட்ட அந்தியில் விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். சிறகு முளைத்த கறையானான ஈசல் புற்றிலிருந்து புகைபோல் எழும்புவதையும், கரிச்சான்கள் அதைக் காற்றிலேயே கவ்வுவதையும் கண்ணாரக் காணலாம். ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தும் மறுநாள் காலை வீட்டுக்குள் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால், ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருக்கலாம். அவற்றைப் பெருக்கித் தள்ளுமுன் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரோரமாகக் கறையானின் மண்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.