ஷீட் கூரை ஒழுகுதா? முதல்ல வாஷரைப் பாருங்க

மொத்த ஷீட்டையும் மாத்தச் சொன்னா உடனே தலையாட்டாதீங்க. வாஷர் வெடிச்ச ஸ்க்ரூவை மட்டும் கழட்டி, இ.பி.டி.எம்.ங்கிற செயற்கை ரப்பர் வாஷர் வெச்ச புது ஸ்க்ரூ போட்டுப் பாருங்க. ராயபுரம், திருவொற்றியூர் வெயில்ல சாதா ரப்பர் விறைச்சு, ஓரத்துல மயிரிழை மாதிரி கீறல் விடும். அதோட மூலக்கூறு சங்கிலியில இருக்கிற இரட்டைப் பிணைப்பைக் காத்துல உள்ள ஓசோன் அறுத்துடுது, இ.பி.டி.எம். முதன்மைச் சங்கிலியில அந்தப் பிணைப்பே கிடையாது. முறுக்கும்போது வாஷர் லேசா பிதுங்கினதும் நிறுத்திடுங்க. நசுங்கினா புதுசும் ஒழுகும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க.

டீசல், கிரீஸ் படுற மெக்கானிக் ஷெட்டுக்கு இ.பி.டி.எம். ஆகாது, ஊதிப்போயிடும். அங்க எண்ணெயைத் தாங்கற நைட்ரைல் ரப்பர் வாஷர் போடுங்க. உப்புக்காத்துல ஷீட்டே துருப்பிடிச்சு ஓட்டை பெரிசாகியிருந்தா, வாஷர் மாத்தறது வீண் செலவு.