வாயால் சொல்லும் முக்கியமும் நாள்வழியில் இருக்கும் முக்கியமும்

எங்கள் அம்மா ஒரு மாதக் காலண்டரை வைத்தே வீட்டை நடத்துகிறவர். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்கு வட்டம், சீட்டுப் பணம் கட்டிய நாளுக்கு ஒரு டிக். மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கிழிக்காமல் மடித்து வைத்திருந்த டிசம்பர் தாளில் சில கட்டங்களில் மட்டும் நீல மையில் புள்ளி இருந்ததைப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டேன். "நீ போன் பண்ணின நாள்பா" என்றார். குறை சொல்கிற குரல்கூட இல்லை, பால் கணக்கு சொல்வது போலத்தான் சொன்னார். மொத்தம் மூன்று புள்ளி.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். உனக்கு எது முக்கியம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் "அம்மா, வீடு, பிள்ளைங்க" என்று சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் முதலாளி வாயால் சொல்லும் லாபத்தை யாரும் எழுதிக்கொள்வதில்லை; நாள்வழியில், அதாவது அன்றாட வரவு செலவு எழுதும் ஏட்டில், என்ன ஏறியிருக்கிறதோ அதுதான் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதும் பேரேட்டுக்குப் போகும், பேரேட்டில் இருப்பதுதான் வருஷக் கடைசியில் போடும் ஐந்தொகைக்குப் போகும். வாழ்க்கைக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பேப்பரை எடுத்து "என் வாழ்வின் மதிப்புகள்" என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். குடும்பம், ஆரோக்கியம், நேர்மை, உழைப்பு என்று எல்லோரும் எழுதுவதையே நீங்களும் எழுதுவீர்கள், எழுதி முடித்ததும் ஏதோ பாதி வேலை முடிந்தது போல ஒரு திருப்தி வந்துவிடும், அதோடு சரி. கணக்கிலிருந்து தொடங்குங்கள். கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில்தான் இருக்கிறது, போனுக்குள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது என்பதை நாள்வாரியாகக் காட்டும். போன வாரம் முழுவதையும் எடுத்து எழுதுங்கள். அடுத்து கால் ஹிஸ்டரி: யாரோடு எத்தனை நிமிஷம். அப்புறம் கூகுள் பேயோ போன்பேயோ, எதுவாக இருந்தாலும் அதில் ஒரு மாதத்துக்கான பட்டியல், கூடவே வங்கி ஸ்டேட்மென்ட், ஏனென்றால் தானாகவே கழியும் சந்தாக்கள் அதில்தான் தெரியும். இந்த மூன்றையும் ஒரே தாளில் இறக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

என் தாளில் வந்தது இது: ரீல்ஸ் பார்த்தது சராசரியாக ஒரு நாளைக்கு 2 மணி 40 நிமிஷம். அம்மாவோடு பேசியது மாதம் முழுக்கச் சேர்த்து 19 நிமிஷம். வெளிச் சாப்பாட்டுக்கு 4,860 ரூபாய், அதில் பாதிக்கு மேல் வீட்டில் சமைத்தது இருக்கும்போதே ஆர்டர் செய்தது. புத்தகத்துக்குப் பூஜ்யம், அதுவும் "எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு.

இந்தக் கணக்கு முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற ஒருவரின் நாளில் முக்கால்வாசி எந்த ஆப்பிலும் பதிவாகாது. அவர் இரவு ஒரு மணி நேரம் போன் பார்க்கிறார் என்றால் அது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஓய்வாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நேரத்தைப் பற்றிக் குற்றவுணர்ச்சி கொள்வதை விட, வீட்டில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

சரி, தாள் தயாராகிவிட்டது. இப்போது ஒவ்வொரு எண்ணாகப் பாருங்கள். எதைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடத் தோன்றுகிறதோ அதில் பேனாவை வையுங்கள். எனக்கு சினிமா டிக்கெட் செலவைப் பார்த்து எதுவுமே தோன்றவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். 19 நிமிஷம் உறுத்தியது. பூஜ்யம் உறுத்தியது. உறுத்துகிற இடத்தில்தான் உங்களுக்கு நிஜமாகவே முக்கியமான ஏதோ ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது, உறுத்தாத இடத்தில் சும்மா நல்ல பிள்ளையாக இருக்க முயற்சி செய்ய வேண்டாம்.

உறுத்தலிலும் இரவல் உறுத்தல் உண்டு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓட வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்குள் ஒரு குடைச்சல் இருந்தது. இதை யாருக்கும் சொல்லவே கூடாது, ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, அப்போதும் ஓடுவாயா என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. அந்த ஆசை என் அலுவலக நண்பருடையது, நான் கடன் வாங்கி வைத்திருந்தேன். இந்தக் கேள்வியில் தேறுவது இரண்டு அல்லது மூன்றுதான் இருக்கும். அதற்கு மேல் எடுக்காதீர்கள்.

எடுத்ததை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள், அவசியம் காட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னிடம் வளர்க்க வேண்டிய குணங்கள் என்று பட்டியல் போட்டபோது முதலில் பன்னிரண்டுதான் இருந்தனவாம். நண்பர் ஒருவர், உன்னை எல்லோரும் கர்வம் பிடித்தவன் என்றுதான் நினைக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று. ஒரு சின்ன நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டு, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி வைப்பார். எங்கள் அம்மா செய்த நாளில் புள்ளி வைப்பார். எனக்கு அம்மாவின் முறைதான் பிடித்திருக்கிறது, தவறுகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிற திடம் எனக்கு இல்லை. என் பட்டியலைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டது: "எல்லாம் சரி, பையன் கணக்குப் போடும்போது கத்துறீங்களே, அது எதுல வரும்?" என் போன் காட்டிக்கொடுக்காத கணக்கு அது. அதுவே மூன்றாவது ஆனது.

அடுத்ததில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறோம். "பாசம்" என்பதைச் செய்ய முடியாது. "பொறுமை"யையும் செய்ய முடியாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்கு அடுத்து, என்ன செய்வேன் என்று ஒரு வாக்கியமாக மாற்றினால்தான் அது வேலையாகும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-ல் இதைப் பற்றி எழுதியது பின்னால் நிறையப் பேசப்பட்டது: இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறும் விருப்பத்தோடு நின்றவர்களை விட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

என் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற பன்னிரண்டு நிமிஷத்தில் அம்மாவுக்குப் போன். நல்ல திட்டம் என்று நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாளே அம்மா, "ஏம்பா, ஏழரைக்கு சீரியல் ஓடிட்டு இருக்குல்ல" என்றார். அவரைக் கேட்காமலே அவருக்கான நேரத்தை முடிவு செய்திருக்கிறேன். இன்னொருவர் சம்பந்தப்பட்ட பழக்கம் என்றால் அவரிடம் நேரம் கேளுங்கள், இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம். இப்போது காலை ஆறே முக்காலுக்குப் பால் வாங்கப் போகிற வழியில் பேசுகிறேன். ஆறேழு நிமிஷம். பெரும்பாலும் தக்காளி விலை.

பையன் விஷயத்தில் வாக்கியம்: எட்டு மணிக்கு அவன் கணக்கு நோட்டைத் திறந்ததும் என் போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்காருவேன், இருபது நிமிஷம், பென்சிலை நான் தொட மாட்டேன். அந்தக் கடைசி நிபந்தனைதான் கத்தலைக் குறைத்தது. பென்சில் கையில் இருந்தால் எனக்கு அவசரம் வந்துவிடுகிறது.

எல்லாமே தினசரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிறருக்கு உதவ வேண்டும் என்பது உங்கள் தாளில் இருந்தால், ரத்த தானம் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். 18-லிருந்து 65 வயது, 45 கிலோவுக்குக் குறையாத எடை, மற்றதை அங்கே மருத்துவர் பார்த்துக்கொள்வார். காலண்டரில் அடுத்த தேதியை இப்போதே குறித்து வையுங்கள். சேமிப்பு என்றால் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் ஒரு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போட்டுவிட்டால் முடிந்தது. ஒரே ஒரு தடவை செய்து மறந்துவிடக்கூடிய எதையும் தினசரிப் பழக்கமாக்கி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

மன உறுதியை நம்பாதீர்கள், ஏற்பாட்டை நம்புங்கள். காந்தி லண்டனில் சட்டம் படித்த காலத்தில் பஸ் கட்டணம், தபால் தலை வரை ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கப் போகும் முன் தினமும் இருப்பைச் சரிபார்த்திருக்கிறார். கணக்கைப் பார்த்ததும் "இனி சிக்கனமாக இருப்பேன்" என்று சபதம் போட்டதோடு நிற்கவில்லை. போக வேண்டிய இடத்துக்கு அரை மணியில் நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை பார்த்து மாறிவிட்டார். பஸ் செலவு தானாக நின்றது, நடையும் வந்தது. வீடு மாறுவது எல்லோருக்கும் முடியாது, ஆனால் சார்ஜரை மாற்றலாம். நான் முதலில் ரீல்ஸுக்கு அரை மணி டைமர் வைத்துப் பார்த்தேன், டைமர் அடித்ததும் அதை எடுத்துவிட்டுப் பார்க்கவும் எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு படுக்கையறையிலிருந்த சார்ஜரைப் பிடுங்கி ஹாலில் மாட்டினேன், கட்டில் பக்கத்தில் ஒரு புத்தகமும் சத்தமாகக் கத்துகிற ஒரு பழைய அலாரம் கடிகாரமும் வைத்தேன். ராத்திரிப் பார்வை பெருமளவு போய்விட்டது. சாப்பாட்டு ஆப்பில் சேமித்து வைத்திருந்த கார்டு விவரத்தை அழித்தேன். பதினாறு எண்ணை ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டும் என்றால் பாதி நாள் தோசை மாவே போதும் என்று ஆகிவிடுகிறது.

நேரம் எங்கிருந்தும் புதிதாக வராது. ஒன்றைச் சேர்த்தால் எதை எடுக்கிறேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், பற்று எழுதினால் வரவு எழுதித்தான் ஆக வேண்டும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர எடுத்த நாட்களின் நடு எண் 66, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடுவதில்லை. எனவே விட்ட நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் இரட்டிப்பாகச் செய்கிற வேலை வேண்டாம். எனக்கு மார்ச் மாதம் முழுக்க இயர் எண்டிங், வீட்டுக்கு வர பத்து மணி ஆகும், அந்த மாதத்தில் பையனோடு உட்காருவதை ஞாயிறு காலை மட்டும் என்று முன்கூட்டியே சுருக்கி அவனிடமே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் தவறியதாக ஆகும், சொல்லிவிட்டால் அது ஒப்பந்தம்.

மாதம் ஒருமுறை, காலண்டர் தாளைத் திருப்பும்போது, ஒரு கால் மணி நேரம் போன் கணக்கைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். செய்த நாளுக்கு வைத்த புள்ளிகளை எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அந்த வாக்கியத்தில் நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். இரண்டு மாதம் மாற்றிப் பார்த்தும் ஏறவில்லை என்றால் அது இரவல் ஆசையா என்று மறுபடி கேளுங்கள். படிக்கிற பழக்கத்தை நான் மூன்று தடவை மாற்றினேன், இன்னமும் மாதத்துக்குப் பன்னிரண்டு புள்ளியைத் தாண்டவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவின் காலண்டரைத்தான் பார்த்தேன், கொஞ்சம் பெருமையோடு. நான் பேசிய நாளுக்கான நீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "அதான் தினம் பேசுறியே, எதுக்குக் குறிச்சிக்கிட்டு" என்றார். அதே நீலப் பேனாவில் இப்போது பிரஷர் மாத்திரை போட்ட நாளைக் குறித்து வருகிறார். டிசம்பரில் ஒன்பது கட்டம் காலியாக இருந்தது. காலைப் பேச்சில் இப்போது தக்காளிக்கு முன்னால் மாத்திரைதான்.